கழிவுநீரைத் திறந்துவிடும் கம்பெனியை ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வரவழைப்பது எப்படி?

சேலத்தில் ஒரு கம்பெனி மழைநீர் வடிகாலில் கழிவுநீரைத் திறந்துவிடுகிறது, அது திருமணிமுத்தாற்றில் போய்க் கலக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விதிமீறலுக்கு அபராதம் போடுவது மாநகராட்சியின் வேலை. ஆனால் பொதுத்தொல்லை என்ற வகையில் வருவாய் கோட்டாட்சியரிடம் (இவர்தான் தலைப்பில் சொன்ன ஆர்.டி.ஓ.) யார் வேண்டுமானாலும் மனு கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. பழைய சட்டத்தில் இது 133.

படி 1: யார் மேல் மனு?

பலர் சறுக்குவது இங்கேதான். வாசல் போர்டில் இருப்பது பிராண்டின் பெயராக இருக்கலாம். நோட்டீஸ் போக வேண்டியது பதிவு செய்த பெயருக்கு. அவர்கள் கொடுத்த பில் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அதிலுள்ள ஜி.எஸ்.டி. எண்ணை (தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும்) ஜி.எஸ்.டி. இணையதளத்தில் தட்டினால் சட்டப்படியான பெயர் வரும். தனி முதலாளியா, பங்குதாரர் நிறுவனமா, கம்பெனியா என்பதும் தெரிந்துவிடும்.

கம்பெனி என்றால் அதன் லெட்டர்ஹெட்டில் 21 இடங்கள் கொண்ட சி.ஐ.என். (கம்பெனி அடையாள எண்) இருக்கும். முதலில் ஓர் எழுத்து: பங்குச்சந்தையில் பட்டியலிட்டிருந்தால் 'எல்', இல்லாவிட்டால் 'யு'. அப்புறம் ஐந்து இலக்கம், அதன் பின் மாநிலக் குறி. கோவைப் பதிவாளரிடம் பதிவானவற்றுக்கு 'டி.இசட்.', சென்னை என்றால் 'டி.என்.'. சேலம் கோவையின் கீழ் வருகிறது. அடுத்த நான்கு இலக்கம் பதிவான ஆண்டு. இந்த எண்ணை மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் போட்டால் பதிவு அலுவலக முகவரி கிடைக்கும். ஆலை சூரமங்கலத்தில், பதிவு அலுவலகம் மும்பையில் என்றுகூட இருக்கும். மனுவில் இரண்டு முகவரியும் போடுங்கள். "இன்ன பிரைவேட் லிமிடெட், அதன் நிர்வாக இயக்குநர் மூலமாக" என்று எழுதுங்கள்.

படி 2: ஆதாரம்

தேதி தெரியும் புகைப்படங்கள், மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கொடுத்த புகாரின் ஒப்புகைச் சீட்டு. உங்கள் வீட்டுக்கு மட்டும் தொல்லை என்றால் இந்தப் பிரிவு பொருந்தாது, அது சிவில் கோர்ட் சமாச்சாரம். அதனால் தெருக்காரர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.

படி 3: மனு

கோட்டாட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுக்கலாம். (லைசென்ஸ் எடுக்கும் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போய் நிற்காதீர்கள்!) திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். மாநகராட்சியும் கண்டுகொள்ளவில்லை என்றால் அதையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். 1980இல் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் நகராட்சி வழக்கில், சாக்கடையைச் சரிசெய்யக் கையில் பணமில்லை என்று நகராட்சி சொன்ன சாக்கை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

படி 4: நோட்டீஸும் விசாரணையும்

மனுவில் விஷயம் இருந்தால், "இத்தனை நாளில் நிறுத்து, இல்லையேல் நேரில் வந்து காரணம் சொல்" என்று நிபந்தனை உத்தரவு போடுவார்கள். சம்மனைப் போலவே அதைச் சார்பு செய்வார்கள், அதாவது உரியவரிடம் முறைப்படி சேர்ப்பார்கள். அதே சட்டத்தின் 65ஆவது பிரிவின்படி இயக்குநர், மேலாளர், செயலாளர் என யாரிடமாவது கொடுத்தால் போதும். பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். தபால் வழக்கமாகப் போய்ச் சேரும் நேரத்தில் சேர்ந்ததாகவே கணக்கு. வாட்ச்மேன் வாங்க மறுத்தார் என்ற கதை எடுபடாது.

கம்பெனி வந்து மறுத்தால் சாட்சி விசாரணை நடக்கும். அதை 90 நாளில் முடிக்க வேண்டும். காரணம் எழுதி 120 வரை நீட்டிக்கலாம். அதுவரை காத்திருக்க முடியாத அளவு ஆபத்து என்றால், 161ஆவது பிரிவில் உடனடித் தடை கேட்டு மனுவிலேயே ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.