ஆவாரை என்று நினைத்துப் பேயாவரையைப் பறிக்காதீர்கள்: சேர்வராயன் மலையின் அவரைக் குடும்ப மூலிகைகள்

குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும்போது சாலையோரம் மஞ்சளாகப் பூத்திருப்பதெல்லாம் ஆவாரை இல்லை. இந்த மலையின் பழங்குடிகளான மலையாளி மக்களின் கைமருந்தில் செடியின் பெயரைவிட அதன் பாகமும் பக்குவமும் முக்கியம். அந்த இரண்டையும் மலையிலேயே விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கீழே கொண்டுவருவதால்தான் கேடு வருகிறது.

பேயாவரையும் மஞ்சளாகத்தான் பூக்கும். பூவை விட்டு இலையைப் பாருங்கள். ஆவாரையில் ஒரு காம்புக்கு 8 முதல் 12 ஜோடி சிற்றிலைகள், நுனி மழுங்கியிருக்கும். காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் போல அகன்ற இரண்டு செதில்கள் ஒட்டியிருக்கும். பேயாவரையில் 4, 5 ஜோடிதான், நுனி கூர்மை. கசக்கினால் குமட்டும். இதன் விதையைப் பிள்ளைகள் விளையாட்டாகத் தின்றுவிட்டால் மூளை, கல்லீரல், தசை மூன்றும் பாதிக்கப்படும். 2016-ல் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் பழங்குடிக் குழந்தைகள் இறந்தபோது, வேலூர் மருத்துவர் ஜேக்கப் ஜான் காரணமாகச் சுட்டிக்காட்டியது இந்தச் செடியைத்தான். வீட்டைச் சுற்றி முளைத்தால் காய் பிடிக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள்.

குன்றிமணியில் வாய்ப்புண்ணுக்கு மெல்லுவது இலையை, இனிக்கும். விதையின் ஓடு கெட்டி. அதை மென்றாலோ, இடித்தாலோ, மாலை கோக்கத் துளையிட்டாலோ உள்ளே இருக்கும் அப்ரின் என்ற நஞ்சு வெளிப்படும். இலை உருவும்போது வெடித்த நெற்றிலிருந்து விதை கலந்துவிடாமல் பாருங்கள். யாராவது விதையை மென்றுவிட்டால், வாந்தியும் ரத்தபேதியும் பல மணி நேரம் கழித்தே தொடங்கலாம். “இதுவரை ஒன்றும் ஆகவில்லையே” என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். முறிவு மருந்து கிடையாது. மிச்ச விதையைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே சேலம் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விதையைச் சுத்தி செய்வது, அதாவது நஞ்சை முறித்து மருந்தாக்குவது, சித்த மருத்துவரின் வேலை.

பூனைக்காலிக் காயின் அரிக்கும் முடியான சுணை மேலே பட்டால் தேய்க்கக் கூடாது, இன்னும் ஆழமாகக் குத்தும். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தெடுத்துவிட்டு, பிறகு கழுவுங்கள். விதையில் நூற்றுக்கு 4 முதல் 6 பங்கு வரை எல்-டோபா உண்டு. நடுக்குவாதத்துக்கு (பார்க்கின்சன் நோய்) கொடுக்கும் மருந்தும் இதுதான். தெற்கு மலைகளில் காணிக்காரர் என்ற பழங்குடியினர் இதைத் தண்ணீர் மாற்றி மாற்றிப் பலமுறை வேகவைத்துத்தான் உண்கிறார்கள். ஒரே கொதியில் இறக்கினால் வாந்தி, தலைசுற்றல் வரும். நடுக்குவாதத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர் இந்தப் பொடியையும் சேர்த்தால், ஒரே மருந்தை இரட்டிப்பாக எடுத்தது போல ஆகும்.

வேங்கைப் பட்டையைச் சுற்றி வளைத்து உரித்தால் மரமே பட்டுப்போகும். இரவு முழுதும் வேங்கை மரக் குவளையில் ஊறி நீலம் தட்டும் தண்ணீரை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் சர்க்கரை தாழவும் கூடும். குடிக்கத் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லி, அந்த வாரமே அளந்து பாருங்கள்.