வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ்: வேலூர்க்காரர்களுக்கு முதல் பாடம்

வேலூர்ப் பக்கம் கரண்ட் இரண்டு விதமாகப் போகும். மாதாந்திரப் பராமரிப்புக்கு நிறுத்தினால் பெரும்பாலும் முன்பே அறிவிப்பு வந்துவிடும், தயாராக இருக்கலாம். சித்திரை, வைகாசியில் பகலெல்லாம் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் காற்றும் இடியுமாக வருகிற கோடை மழை சொல்லிவிட்டு வராது. சத்துவாச்சாரியானாலும் குடியாத்தமானாலும், ஒரு மரக்கிளை கம்பியில் உரசினால் கரண்ட் போகும், வரும், மறுபடி போகும். டெஸ்க்டாப்பைப் படுத்துவது இதுதான். சேமிக்காத பாடம் போய்விடும். டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் கோப்பே கெடலாம்.

அந்த நேரத்தில் எல்லாவற்றையும் சேமித்து, கம்ப்யூட்டரை ஒழுங்காக அணைப்பதற்கு அவகாசம் தருவதுதான், உள்ளே பேட்டரி வைத்த பெட்டியான யூபிஎஸ்ஸின் வேலை. மதியம் முழுக்க ஓட்டுவதற்கு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

முதலில் கணக்கு

படிப்பு, டைப்பிங், இணையம் என்ற அளவில் ஒரு சாதாரண டெஸ்க்டாப்பும் எல்இடி மானிட்டரும் சேர்ந்து ஏறக்குறைய 80 முதல் 150 வாட் இழுக்கும். கிராபிக்ஸ் கார்டு போட்டு கேம் ஆடினால் 300, 400 வாட்டைக்கூடத் தாண்டும்.

யூபிஎஸ் பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பது விஏ, அதாவது வோல்ட்-ஆம்பியர். அதை அப்படியே வாட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு யூபிஎஸ்களில் பெரும்பாலும் விஏ-யில் 60 சதவீதம்தான் வாட். 600 விஏ என்றால் 360 வாட். உங்கள் தேவை அந்த வாட்டில் பாதிக்குள் அடங்கினால் நல்லது.

600 விஏ யூபிஎஸ்ஸுக்குள் வழக்கமாக 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட் ஹவர். 100 வாட் கம்ப்யூட்டர் 50 நிமிடம் ஓட வேண்டும் என்று தோன்றும், ஆனால் ஓடாது. இவ்வளவு சின்ன பேட்டரியை வேகமாக உறிஞ்சினால் முழுக் கொள்ளளவும் கிடைக்காது. பேட்டரியின் டிசி கரண்டை வீட்டுக் கரண்டான ஏசியாக மாற்றுவதிலும் கொஞ்சம் போகும். புது பேட்டரியில் கால் மணி நேரத்தை நம்பலாம். சேமித்து அணைக்க அது தாராளம்.

விலை கூடிய கேமிங் கம்ப்யூட்டர் என்றால், சுவர்க் கரண்ட் போலவே வழவழப்பான அலையைத் தரும் பியூர் சைன் வேவ் யூபிஎஸ் கேளுங்கள். அந்தக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி (பவர் ஃபேக்டர் திருத்தம்) வகை பவர் சப்ளைகள் சில, மலிவு யூபிஎஸ் தரும் படிக்கட்டு அலையில் சட்டென்று அணைந்துவிடும்.

இன்வெர்ட்டர் இருக்கிறதே, போதாதா?

ஃபேனும் லைட்டும் ஒரு நொடி துடித்தால் நமக்குக் கவலையில்லை. கம்ப்யூட்டர் பவர் சப்ளை முழுச் சுமையில் கரண்ட் இல்லாமல் சுமார் 16 மில்லி செகண்ட்தான் தாங்கும். சாதாரண மோடில் பல இன்வெர்ட்டர்கள் அதைவிட மெதுவாகவே பேட்டரிக்கு மாறும். பின்பக்கம் ‘யூபிஎஸ் மோட்’ சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், மாற்றம் வேகமாகும். சைன் வேவ் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அந்த லைனிலேயே யூபிஎஸ்ஸையும் மாட்டினால் நீண்ட மின்தடைக்கும் வழி கிடைக்கும். கட்டம் கட்டமான அலை தரும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் வேண்டாம். பல யூபிஎஸ்கள் அந்தக் கரண்டை ஏற்காமல் தங்கள் பேட்டரிக்கே போய்விடும்.

எங்கே வைப்பது

நம் ஊரில் இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். இந்த பேட்டரிகளின் ஆயுளை 25 டிகிரியில் வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். ஷீட் போட்ட அறை என்றால் உள்ளே இன்னும் புழுங்கும். ஆகவே கம்ப்யூட்டர் மேசையின் மூடிய அறைக்குள் திணிக்காதீர்கள். மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னலடியும் வேண்டாம். நாலு பக்கமும் காற்றுப் போக இடம் விட்டு, வீடு துடைக்கும் தண்ணீர் படாதபடி ஒரு பலகை மேல் வையுங்கள். நன்றாக வைத்தால் இரண்டு மூன்று வருடம் உழைக்கும் பேட்டரி, வெந்துகொண்டே இருந்தால் அதற்குள் சோர்ந்துவிடும்.

மாட்டுவது

சுவர் பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் சர்ஜ் பாதுகாப்பு, அதாவது வோல்டேஜ் திடீரென்று எகிறும்போது காக்கும் ஏற்பாடு, சரியாக வேலை செய்யாது. சில மாடல்களில் பேட்டரியின் ஒரு வயரைக் கழற்றி வைத்தே அனுப்புவார்கள், கையேட்டைப் பார்த்துச் செருகுங்கள். அப்புறம் கம்ப்யூட்டரை மாட்டாமல் எட்டு மணி நேரம் சார்ஜ் ஏற விடுங்கள்.

சிபியு, மானிட்டர், ரௌட்டர் மூன்றும் யூபிஎஸ்ஸில் போகட்டும். லேசர் பிரிண்டர் கூடவே கூடாது. அது சூடேறும்போது இழுக்கிற கரண்ட் யூபிஎஸ்ஸைத் திணறடிக்கும். அதை நேரே சுவரில் மாட்டுங்கள்.

யூஎஸ்பி கேபிள் உள்ள மாடல் என்றால் அதைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். பெரும்பாலும் லேப்டாப் போலவே விண்டோஸில் பேட்டரி படம் தெரியும். பவர் ஆப்ஷன்ஸில் சார்ஜ் குறைந்தால் ஹைபர்னேட் ஆகும்படி (திறந்திருப்பதை டிஸ்க்கில் எழுதிவிட்டுத் தானே அணையும்படி) வைத்துவிட்டால் வீட்டில் யாரும் இல்லாதபோதும் பயமில்லை. கேபிள் இல்லாத மாடலில் பீப் சத்தம்தான் வழிகாட்டி. சத்தம் கேட்டதும் சேமி, அணை என்று பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிக்கொடுங்கள். கரண்ட் உடனே வந்துவிடும் என்று காத்திருக்க வேண்டாம்.

பக்கத்தில் இடி இடித்தால் யூபிஎஸ்ஸை நம்பாதீர்கள். மழை நெருங்கும் முன்பே அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடுங்கள்.

மாதம் ஒரு சோதனை

எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, சுவர் சுவிட்சை மட்டும் அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் இணைப்பு இருக்கட்டும். ஐந்து நிமிடம் கம்ப்யூட்டர் ஓடினால் சரி. ஒன்றிரண்டு நிமிடத்தில் படுத்தாலோ, பேட்டரி உப்பியிருந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது. அதே வோல்ட், அதே ஆம்பியர் ஹவர், அதே அளவில் வாங்குங்கள். பழையது உள்ளே ஈயமும் அமிலமும் கொண்டது. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதை வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் பெரும்பாலும் எடுத்துக்கொண்டு விலையிலும் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள்.