தென்மகுடத்துத் தூசு மேகத்தைப் படம் பிடிக்க

தென்மகுட விண்மீன் குழுவில் இருப்பது ஒரு மூலக்கூறு மேகம், அதாவது நட்சத்திரங்களுக்கு இடையே மிதக்கும் குளிர்ந்த வாயுவும் தூசும். அந்தத் தூசு நம் கண்ணுக்குத் தெரியும்படி தானாக ஒளிர்வதில்லை. பின்னால் இருக்கும் நட்சத்திரங்களை மறைக்கும், பக்கத்து நட்சத்திரத்தின் ஒளியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். அந்தச் சிதறிய ஒளி எல்லா நிறமும் கலந்தது என்பதால், இரண்டு குறுகிய நிறப் பட்டைகளை மட்டும் உள்ளே விடும் டூயல் பேண்ட் ஃபில்டர் போட்டால் தூசுதான் முதலில் காணாமல் போகும். நகர வெளிச்சத்துக்கு ஃபில்டரில் மருந்து கிடையாது. ஊரைத் தாண்டி வண்டியை ஓட்ட வேண்டியதுதான்.

முதலில் கண்ணைப் பழக்குங்கள். திருவோணத்தின் மூன்று நட்சத்திரங்களில் நடுவில் இருப்பது ஆல்டேர், அதற்கு வடக்கே டராஸெட். டராஸெட்டுக்கு மேற்கே சுமார் ஒன்றரை டிகிரியில் பர்னார்டு 142, 143 என்ற இருண்ட தூசு மேகங்கள். அரை மணி நேரம் இருட்டில் இருந்துவிட்டு 10×50 பைனாகுலரில் பார்த்தால், பால்வீதியில் ஆங்கில 'ஈ' எழுத்தை வெட்டி எடுத்தது போல ஓர் ஓட்டை தெரியும். தெரியாவிட்டால் அந்த இடத்தில் கேமராவை வெளியே எடுக்க வேண்டாம்.

படத்துக்குத் தென்மகுடம். தனுசின் தேநீர்க் கெண்டிக்குக் கீழே, மைனஸ் 37 டிகிரியில் இருக்கிறது. ஐரோப்பாவில் பல ஊர்களில் அடிவானத்தைத் தாண்டாது. நமக்கோ 40 டிகிரிக்கு மேல் ஏறும். மே நடுவில் அமாவாசையை ஒட்டி, இரவு 12.30 முதல் 4.30 வரை எடுக்கலாம். 135 எம்எம் லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800, ஒவ்வொன்றும் 120 விநாடி, மொத்தம் குறைந்தது நான்கு மணி நேரம். மூன்று படத்துக்கு ஒருமுறை டிதர் செய்யுங்கள், அதாவது கேமரா பார்க்கும் திசையைத் துளி நகர்த்துங்கள். என்ஜிசி 6723 என்ற நட்சத்திரக் கொத்தை ஓரத்தில் வைத்தால் மேகமும் அதன் வாலும் சட்டத்துக்குள் அடங்கும்.

நம் ஊரில் ஒரு தொல்லை: துருவ நட்சத்திரம் 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், பாதி நாள் புழுதியிலும் தென்னை மரத்திலும் மறைந்துவிடும். வானத்தோடு சேர்ந்து கேமராவைச் சுற்றும் தாங்கியின் அச்சைத் துருவத்துக்கு நேராக்க அந்த நட்சத்திரம்தான் வழக்கமான அடையாளம். அதனால் பிளேட் சால்விங் (படத்தில் உள்ள நட்சத்திரங்களை வைத்துக் கேமரா பார்க்கும் திசையைக் கணிப்பது) வழியாகத் துருவ அச்சைச் சரிசெய்யும் மென்பொருளைப் பழகிக்கொள்ளுங்கள்.

பெரும்பாலான படங்கள் கெடுவது வானத்தடியில் அல்ல, மேசையில். பின்னணிச் சரிவை, அதாவது படத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மெல்ல மாறும் வான வெளிச்சத்தை, நீக்கும் மென்பொருள் கருவியைத் தானியங்கியாக விட்டால், அது தூசையும் சரிவு என்று நினைத்துத் துடைத்துவிடும். மாதிரிப் புள்ளிகளைக் கையால், நட்சத்திரம் அடர்ந்த, தூசு இல்லாத இடங்களில் பத்துப் பன்னிரண்டு மட்டும் வையுங்கள். அந்தச் சரிவுக்குப் பொருத்தும் சமன்பாடு ஒன்றாம் படியை (நேரான சாய்தளத்தை) தாண்ட வேண்டாம். பிறகு நட்சத்திரங்களைப் பிரித்தெடுத்து, மிச்சத்தின் மங்கலான ஒளியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக் காட்டுங்கள்.

பிளாட், அதாவது லென்ஸின் மூலை இருட்டைத் திருத்த ஒரே சீரான வெளிச்சத்தை எடுத்த படம், 30 ஆவது வேண்டும், ஃபோகஸை அசைக்காமல் அன்றைக்கே எடுத்தது. பிளாட் சரியில்லாவிட்டால் மூலைகளில் பழுப்பாக ஒரு திட்டு நிற்கும், பார்க்க அச்சு அசல் தூசு மாதிரியே. சந்தேகம் வந்தால் இரண்டாம் இரவில் கேமராவை 90 டிகிரி திருப்பி எடுத்துப் பாருங்கள்: தூசு நட்சத்திரங்களோடு நிற்கும், பிளாட் பிழை கேமராவோடு திரும்பும். இன்னொரு வழி, 1983இல் ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செயற்கைக்கோள் எடுத்த 100 மைக்ரான் அலைநீள வரைபடத்தை அலாடின் என்ற வான வரைபட மென்பொருளில் திறந்து பக்கத்தில் வைப்பது. கண்ணுக்கு இருண்ட தூசு அந்த அலைநீளத்தில் பளிச்சென்று ஒளிரும். உங்கள் படத்தில் இருக்கும் இழை அதில் இல்லையென்றால் அதை அழித்துவிடுங்கள்.