வாலுகளோடு மலைக்குப் போகிறீர்களா? ரூம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ ரூம் போட உட்காரும் பெற்றோர் முதலில் பார்ப்பது ஜன்னலைத்தான். வெளியே தேயிலைத் தோட்டம் தெரிகிறதா, பள்ளத்தாக்கில் மேகம் மிதக்கிறதா, பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்களா என்று படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்கள். கல்யாணமான புதிதில் போன மாதிரி இன்னொரு தடவை போக வேண்டும் என்ற ஆசை அதற்குள் இருக்கிறது. தப்பில்லை. ஆனால் இந்த முறை கூட வரப்போவது நான்கு வயதுப் பையனும் ஏழு வயதுப் பெண்ணும். மேகத்தை அவர்கள் ஐந்து நிமிஷம் பார்ப்பார்கள். ஆறாவது நிமிஷம் கட்டிலில் ஏறிக் குதிப்பார்கள்.

பகல் முழுக்க நாம் வெளியேதான் சுற்றுகிறோம். பூங்கா, படகு, சாக்லேட் கடை என்று பொழுது ஓடிவிடும். பிள்ளைகள் விழித்தபடி ரூமில் இருப்பது இரண்டு வேளைதான். ஒன்று, விடியற்காலை எழுந்ததிலிருந்து ஓட்டலில் டிபன் தயாராகும் எட்டு, எட்டரை வரை. இன்னொன்று, மாலை இருட்டும் நேரத்தில் திரும்பி வந்ததிலிருந்து தூங்கும் வரை. அந்த வேளையில் வெளியே குளிர், பூங்கா மூடியிருக்கும், பெரியவர்களுக்குக் கால் வலி. தங்குமிடம் தேறுமா தேறாதா என்பது அந்த நான்கைந்து மணி நேரத்தில் தெரிந்துபோகும். ரூம் தேர்வில் நடக்கும் தவறுகளில் பாதி, அந்த நேரத்தை மனதில் வைத்துப் பார்க்காததால் வருபவை.

வியூவுக்குப் பணம், தரைக்கு இடமில்லை

பள்ளத்தாக்கு தெரியும் ரூமுக்கு வாடகை கூட. அதே பணத்துக்கு, அதே கட்டடத்தின் பின்பக்கம் கொஞ்சம் பெரிய ரூமோ ஹாலோடு சேர்ந்த காட்டேஜோ பல இடங்களில் கிடைக்கும். துறுதுறு பிள்ளைகள் இருந்தால் இரண்டாவதுதான் சரி. சாதாரண டபுள் ரூமில் ஒரு எக்ஸ்ட்ரா பெட் போட்டதும் தரை காணாமல் போய்விடும். பந்து உருட்ட இடமில்லாத பிள்ளை திரைச்சீலையைப் பிடித்துத்தான் தொங்கும்.

ஓட்டல்காரர்கள் போடும் படத்தை வைத்து அளவை நம்பாதீர்கள். அகலக் கோணத்தில் எடுத்தால் தீப்பெட்டி ரூமும் மண்டபம் மாதிரி தெரியும். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் தரையில் எத்தனை டைல்ஸ் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இப்போது பதிக்கும் டைல்ஸ் பெரும்பாலும் 2 அடிக்கு 2 அடி. ஒன்றரை டைல்ஸ் தெரிந்தால் அங்கே மூன்றடிதான். தங்கிவிட்டுப் போனவர்கள் கூகுள் மேப்ஸில் போட்ட படங்கள் அழகாக இருக்காது, உண்மையாக இருக்கும்.

மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், வால்பாறைப் பக்கத்தை நனைத்துத் தள்ளும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் வரும். மே மாதத்தில்கூட மத்தியானத்துக்கு மேல் கொட்டுவது உண்டு. காலாண்டு, பூஜை விடுமுறைக்குப் போகிறவர்கள் ஒரு முழுப் பகல் ரூமிலேயே உட்கார நேரலாம். அப்போது கூரை போட்ட நீளமான வராந்தா ஒன்று இருந்துவிட்டால், அது எந்த வியூவையும்விடப் பெரிய சொத்து.

மாடி ரூம் வேண்டாம் என்பது என் கட்சி. வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களில் பலகைத் தரை இருக்கும். மேலே ஒரு குதி குதித்தால் கீழ் ரூம்காரர் எழுந்து உட்கார்ந்துவிடுவார், அரை மணியில் ரிசப்ஷனிலிருந்து போன் வரும். பிள்ளையை நிமிஷத்துக்கு ஒரு தரம் ‘ஷ்ஷ்’ என்று அடக்கிக்கொண்டே இருப்பதற்கு விடுமுறை எதற்கு? தரைத்தள ரூமில் ஓதம் இருக்கலாம். வெயில் விழும் பக்கமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் பக்கத்துப் பக்கத்து டபுள் ரூம் இரண்டைவிட, நடுவில் ஹால் உள்ள ஒரு காட்டேஜ் நல்லது. பிள்ளைகள் ஒரு ரூமில், பெரியவர்கள் எல்லாரும் அவர்களுக்குக் காவலாக அதே ரூமில் என்று முடிகிற கதைதான் டபுள் ரூம் ஏற்பாடு. தாத்தா பாட்டி கூட வந்தால், ரோட்டிலிருந்து ரூமுக்கு எத்தனை படி என்று கட்டாயம் கேட்க வேண்டும். மலையில் ‘ரோட்டை ஒட்டியே இருக்கு’ என்று சொன்னால், ரோட்டுக்கு எவ்வளவு கீழே என்பது தனிக் கேள்வி.

“ஃபேமிலிதான் சார் எல்லாரும் வர்றாங்க”

“குழந்தைகளுக்கு ஏற்ற இடமா?” என்று போனில் கேட்பது வீண். “வாங்க சார், ஃபேமிலிதான் எல்லாரும் வர்றாங்க, ப்ளே ஏரியாகூட இருக்கு” என்பார்கள். போய்ப் பார்த்தால் புல் முளைத்த மூலையில் துருப்பிடித்த சறுக்குமரம் ஒன்று நிற்கும். ‘ஆமாம்’ என்று பதில் சொல்லித் தப்பிக்க முடியாத மாதிரி கேட்க வேண்டும்.

“ரூம் கதவைத் திறந்தால் நேர் எதிரே என்ன இருக்கிறது?” இந்த ஒரு கேள்வி பல விஷயங்களைச் சொல்லிவிடும். புல்தரை என்றால் நிம்மதி. கார் நிறுத்துமிடம் என்றால் யோசிக்க வேண்டும். மலையில் இடம் குறுகல், டிரைவர்கள் பின்னால் எடுத்து எடுத்துத்தான் வண்டியைத் திருப்புவார்கள், மூன்றடி உயரப் பிள்ளை அவர்கள் கண்ணில் படாது. சரிவு என்றால் வேலி உண்டா, எவ்வளவு உயரம் என்று அடுத்த கேள்வி. முடிந்தால் கதவிலிருந்து வெளியே நடந்தபடி ஒரு வீடியோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள். புக்கிங் ஏஜென்ட்டிடம் கேட்டால் பயன் இல்லை, அவர் அந்த இடத்தைப் பார்த்தே இருக்க மாட்டார். அங்கேயே இருக்கும் கேர்டேக்கரின் நம்பரை வாங்கிப் பேசுங்கள். “அண்ணா, நாங்க ரெண்டு சின்னப் பசங்களோட வர்றோம், ஒரு நிமிஷம் பேசலாமா?” என்றால் முதலாளி சொல்லாததையும் அவர் சொல்லிவிடுவார்.

சனிக்கிழமை ராத்திரி கேம்ப் ஃபயர் உண்டா, பாட்டு எத்தனை மணி வரை போடுவார்கள் என்றும் அவரிடமே கேளுங்கள். கல்லூரி, அலுவலகக் கூட்டம் வந்து இறங்கும் இடமாக இருந்தால் பத்து மணிக்கு முன்னால் எந்தப் பிள்ளையும் தூங்காது.

ரூமுக்குள் இருக்கும் ஆபத்துகள்

விமர்சனங்களில் நட்சத்திரம் எண்ணுகிற நாம் இவற்றைப் பார்ப்பதே இல்லை.

பால்கனிக் கம்பி. பல நாடுகளின் கட்டட விதிகள் கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ., அதாவது நான்கு அங்குலம், அதற்கு மேல் இடைவெளி கூடாது என்கின்றன. அதைவிட அகலமானால் சின்னப் பிள்ளையின் உடம்பு நுழைந்துவிடும். குறுக்குக் கம்பி இன்னும் மோசம், அது ஏணி. அந்த அழகான இரண்டு நாற்காலிகளும் ஏணிதான். வேறு ரூம் கிடைக்காவிட்டால் நாற்காலியை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, பால்கனிக் கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டுவிடுங்கள்.

குளியலறை. உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அலறும் பிள்ளை, வெளியே திருப்புளி தேடி ஓடும் ரூம் பாய், இது எல்லா மலை ஊரிலும் நடப்பதுதான். ஒரு துண்டைக் கதவின் மேல் விளிம்பில் மடித்துப் போட்டால் கதவு முழுதாகச் சாத்தாது. கீசர் விஷயம் அதைவிடப் பெரிது. 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் சில நொடியிலேயே தோலை ஆழமாகப் பொசுக்கிவிடும். குழந்தையின் தோலுக்கு அந்த நேரமும் வேண்டாம். குளிருக்காகக் கீசரை உச்சத்தில் வைத்திருக்கும் இடங்கள் உண்டு. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் சுடுதண்ணீர். சில இடங்களில் காலையில் மட்டும்தான் சுடுதண்ணீர் விடுவார்கள். மண்ணில் புரண்டு வரும் பிள்ளைகளுக்குச் சாயங்காலமும் வேண்டும் என்பதால் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளிருக்குக் கரி அடுப்பு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பார்பிக்யூவில் மிச்சமான கனலை ரூமுக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் கொடைக்கானலில் உயிரிழந்திருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மின்சார ஹீட்டர் இருக்கிறதா, எத்தனை கம்பளி தருவார்கள் என்று முன்பே கேளுங்கள். ஊட்டி சுமார் 7,350 அடி உயரத்தில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும். 5,000 அடி அளவில் இருக்கும் ஏற்காட்டுக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம்.

நீச்சல் குளம் இருக்கிறது என்று காட்டினால் பிள்ளைகள் அதையே பிடித்துக்கொள்ளும். ஊட்டிக் குளிரில் சூடு செய்யாத குளம் போட்டோவுக்குத்தான். ஏற்காடு மாதிரி இடங்களில் இறங்கலாம், ஆனால் குளத்தைச் சுற்றி வேலியும் பூட்டும் வாசலும் உண்டா என்று பாருங்கள். தண்ணீரில் மூழ்கும் குழந்தை கத்தாது, சத்தமில்லாமல் போய்விடும். நம் ரூமிலிருந்து குளம் பத்தடியில் இருப்பது பெரியவர்களுக்கு வசதி, மூன்று வயதுக்காரனை வைத்திருப்பவர்களுக்குத் தலைவலி.

எஸ்டேட் நடுவில் தனியாக நிற்கும் பங்களா படத்தில் சொர்க்கம். வால்பாறை, பந்தலூர் பகுதிகளில் சிறுத்தை தாக்கிச் சின்னக் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அங்கே போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பொழுது சாய்ந்த பிறகு வாசலில் விளையாட விட முடியாத இடத்தில், ஓடியே பழகிய பிள்ளைகளோடு மாலை நேரத்தை எப்படிக் கழிப்பது? அவர்கள் கொஞ்சம் வளர்ந்தபின் போய்க்கொள்ளலாம். மேலும் வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி சுமார் 65 கி.மீ., நடுவில் 40 கொண்டை ஊசி வளைவு. நடுராத்திரி காய்ச்சல் ஏறினால் அந்தத் தூரம் வேறு மாதிரி தெரியும்.

ஊருக்கு வெளியே மலிவு என்று

டவுனிலிருந்து 15, 20 கி.மீ. தள்ளிப் போட்டால் வாடகை குறையும். மலை ரோட்டில் அது முக்கால் மணி நேரம், சீசன் நெரிசலில் இன்னும் அதிகம். வளைவில் வாந்தி எடுக்கும் வழக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். தினம் இரண்டு தடவை அந்த ரோட்டில் அவர்களை ஏற்றி இறக்குவதற்கு, ஏரிக்குப் பக்கமாகக் கொஞ்சம் கூடக் கொடுத்துத் தங்கலாம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 5 கி.மீ. பாதை, வாடகைச் சைக்கிள் கிடைக்கும். நடந்தே போய்விடும் தூரத்தில் ரூம் என்றால் காலை நேரப் பிரச்சினை பாதி தீர்ந்தது. மூன்று ராத்திரிக்கு இரண்டு ஓட்டல் என்றும் திட்டம் போடாதீர்கள். பிள்ளைகள் புது இடத்தில் தூங்கப் பழகுவதற்குள் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

சாப்பாடும் பணமும்

காலை டிபன் வாடகையிலேயே சேர்ந்தது என்பார்கள், ஆனால் எட்டரைக்கு முன் அடுப்பு எரியாது. ஆறு மணிக்குப் பால் கிடைக்குமா, ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பிடி தயிர்சாதமோ ரசம் சாதமோ செய்து தருவார்களா என்று கேளுங்கள். இந்த விஷயத்தில் சின்ன ஹோம்ஸ்டே பெரிய ரிசார்ட்டைத் தோற்கடித்துவிடும். ரூமில் இருக்கும் கெட்டிலில் பால் காய்ச்சாதீர்கள், பொங்கி வழிந்து கெட்டில் போகும், பணமும் போகும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியிலும் கொடைக்கானலிலும் கட்டுப்பாடு இருப்பதால், வெந்நீர் பிடித்து வைக்க ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள்.

குழந்தைக்கு எந்த வயது வரை இலவசம் என்பது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். ஐந்து வயது வரை ஒரு கணக்கு, பன்னிரண்டு வரை இன்னொன்று என்று பல இடங்களில் வைத்திருப்பார்கள். புக் செய்யும்போது பிள்ளைகளின் வயதைச் சரியாகப் போடுங்கள். மறைத்துவிட்டுப் போய் ராத்திரி ரிசப்ஷனில் பேரம் பேசுவது யாருக்கும் மரியாதை இல்லை.

இன்னொன்று, ரத்து செய்தால் பணம் திரும்பாது என்ற மலிவு விலை. சின்னப் பிள்ளைகள் கிளம்பும் முன்தினம் ஜுரம் வரவழைத்துக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். போதாக்குறைக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளில் போக இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள்: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கிளம்பும் தேதியில் என்ன விதி என்று பார்த்து, பாஸை எடுத்துவிட்டு ரூமுக்குப் பணம் கட்டுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். ஒருவர் பிள்ளைகளை வாசலிலேயே பிடித்துக்கொள்ள, இன்னொருவர் உள்ளே போய்ப் பால்கனி, தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, தொங்கும் ஒயர், கண்ணாடி மேஜை எல்லாம் பார்த்துவிட்டு வரட்டும். சரியில்லை என்றால் அப்போதே ரிசப்ஷனில் சொல்லி மாற்றிக் கேளுங்கள். படுக்கை கலையாத ரூமை மாற்றிக் கொடுக்க யாரும் பெரும்பாலும் மறுப்பதில்லை. பிள்ளைகள் உள்ளே நுழைந்து இரண்டு நிமிஷம் ஆகிவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமில்லை.