சுற்றிலும் தண்ணீர், நடுவில் தீ: சிறிய மரப் பாய்ப்படகில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டு, பதினான்கு அடி நீளத்தில் ஒரு மரப்படகு. ஒரு பாய், ஒரு சுக்கான், காற்று நின்றுபோனால் கரை திரும்புவதற்குப் பின்னால் ஒரு சின்ன எஞ்சின். இதில் போய்த் தீப்பிடிக்குமா என்று கேட்டால் பலரும் சிரிப்பார்கள். "சுத்தி அவ்வளவு தண்ணி கிடக்கே, அள்ளி ஊத்தினா போச்சு!" முதல் தவறு இந்த நினைப்புதான். மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து முளைப்பவை.

மரம், கயிறு, துணி எரிந்தால் தண்ணீரைவிட நல்ல மருந்து கிடையாது. எரிவது பெட்ரோல் என்றால் கதை வேறு. பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது. நீங்கள் ஊற்றும் தண்ணீர் அடியில் போய்விடும். தீ அதன்மேல் மிதந்து படகின் அந்தக் கோடிவரை பரவும், உங்கள் காலடி உட்பட. அங்கே பவுடர் தீயணைப்பான்தான் வேலை செய்யும். ஸ்பிரிட் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஸ்பிரிட் தண்ணீரில் கலக்கும்தான், ஆனால் சரிபாதி தண்ணீர் சேர்ந்த பிறகும் அது எரியக்கூடியது. கொஞ்சமாகத் தெளித்தால், எரியும் ஸ்பிரிட்டை இன்னொரு மூலைக்குத் தள்ளிவிட்டதுதான் மிச்சம். பட்டப்பகலில் அந்தச் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நம்பிச் சூடான அடுப்பில் மறுபடி ஸ்பிரிட் ஊற்றுவதுபோன்ற முட்டாள்தனம் வேறில்லை.

பெட்ரோலைவிடவும் அதன் ஆவிக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அது காற்றைப்போல மூன்று நான்கு மடங்கு கனம். படகின் உடலோ குழிந்த பாத்திரம். மேலே நல்ல காற்று வீசிக்கொண்டிருக்கும், உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு ஒன்றும் எட்டாது. கீழே அடிப்பலகைக்கு அடியில் ஆவி தேங்கிக் கிடக்கும். காற்றில் ஒன்றரை சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும். குளிர்காலம்தானே என்ற சமாதானமும் எடுபடாது. சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடும். ஆகவே படகுக்குள் வைத்து டேங்க்கை நிரப்பாதீர்கள். கழற்றக்கூடிய டேங்க் என்றால் கரைக்கு எடுத்துப்போய்த் தரையில் வைத்து நிரப்புங்கள். எஞ்சினோடு சேர்ந்த டேங்க் என்றால் கிளம்பும் முன்பே நிரப்பிவிடுங்கள். நடுவழியில் சூடான எஞ்சின்மேல் கேனைச் சாய்க்கும் நிலை வரவே கூடாது. எஞ்சினைக் கிளப்பும் முன் குனிந்து, அடிப்பலகைக்கு ஒரு சாண் உயரத்தில் முகர்ந்து பாருங்கள். அடியில் தேங்கிய தண்ணீரில் வானவில் நிறம் மினுங்கினால் முதலில் அதை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள், அப்புறம் எஞ்சின்.

மரப்படகுக்கே உரிய இன்னொரு ஆபத்து, எண்ணெய்த் துணி. பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்துவிட்டு, அந்தத் துணியைச் சுருட்டி முன்பக்க அறைக்குள் திணிப்பார்கள். அந்த எண்ணெய் காயும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து சூடு விடும். சுருண்ட துணிக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் தீக்குச்சி உரசாமலே பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துணியை வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீரில் அமிழ்த்திவையுங்கள்.

தீயணைப்பானை எங்கே மாட்டுவது? நானும் பல காலம் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தேன். தீ பிடிக்கும் இடத்தில்தானே அது இருக்க வேண்டும் என்ற கணக்கு. ஒருநாள் நண்பர் ஒருவர், "எஞ்சின் எரியுதுன்னு வச்சுக்க, அதை எப்படி எடுப்ப?" என்று கேட்டார். கையை நீட்டிப் பார்த்தேன். எரியும் எஞ்சினைத் தாண்டித்தான் கை போக வேண்டியிருந்தது. அன்றே நடுப்பலகைக்கு அருகே மாற்றினேன். ஒரு கிலோ பவுடர் ஏறத்தாழ பத்து விநாடிக்குத்தான் வரும். பதற்றத்தில் சுடரின் நுனியைப் பார்த்து அடித்தால் அத்தனையும் வீண். அடிப்பாகத்தில், பக்கவாட்டில் வீசி வீசி அடிக்க வேண்டும். ரொம்ப நெருங்கி அடித்தால் பெட்ரோல் தெறிக்கும்.

பேட்டரியில் ஓடும் எஞ்சின் என்றால் நிலைமை வேறு. லித்தியம் பேட்டரி உள்ளுக்குள் பற்றிவிட்டால் சின்ன தீயணைப்பான் அதை நிறுத்தாது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கலாம், அல்லது விலகிவிடலாம். அந்தப் புகையைச் சுவாசிக்காதீர்கள்.

சரி, தீ பிடித்தே விட்டது. இப்போது நடக்கும் பெரிய தவறு, கரையைப் பார்த்து விரட்டுவது. எஞ்சின் ஓடும்வரை எரிபொருளும் வந்துகொண்டிருக்கும், வேகம் தீக்குக் காற்றும் ஊட்டும். எஞ்சினை நிறுத்துங்கள், எரிபொருள் குழாயைக் கை எட்டினால் பிடுங்குங்கள். பிறகு காற்றைப் பாருங்கள். பின்பக்கம் எரிந்தால் படகின் முன்முனையைக் காற்றுக்கு எதிரே திருப்பி, பாய்க்கயிற்றைத் தளர விடுங்கள். படகு நின்றுவிடும், சுடர் உங்களை விட்டு வெளியே சாயும். முன்பக்கம் எரிந்தால் பின்பக்கத்தைக் காற்றுக்குக் கொடுங்கள். அந்தத் திருப்பத்தில் பாயின் கீழ்க்கழி ஒரேயடியாக மறுபக்கம் பாயக்கூடும், தலையைக் குனிந்துகொள்ளுங்கள். முடிந்தால் பாயை இறக்கித் தீயிலிருந்து ஒதுக்கிவிடுங்கள். பாலியஸ்டர் பாய் 250 டிகிரியைத் தாண்டியதும் உருகிச் சொட்டும். அந்தச் சொட்டு தோலில் ஒட்டினால் வராது.

மரத்தீ மட்டும்தான், பெட்ரோல் துளியும் இல்லை, வாளியும் போதவில்லை என்றால் படகையே கவிழ்த்துவிடலாமா? கடைசி வழியாக, கரைக்கு அருகில், லைஃப் ஜாக்கெட்டோடு, நான் செய்வேன். கவிழ்ந்த பாய்க்கு அடியில் மட்டும் மாட்டிக்கொள்ளக் கூடாது. பெட்ரோல் இருக்கும் படகில் இதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். தீ தண்ணீர்மேல் பரவி உங்களைச் சூழ்ந்துகொள்ளும்.

பாய்ப்படகு பழகும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லித்தரும் பாடம்: கவிழ்ந்தாலும் படகை விடாதே. தீயில் அந்தப் பழக்கமே எமன். தீயணைப்பான் காலியாகியும் சுடர் அடங்கவில்லை என்றால் இறங்குங்கள். எல்லோரும் லைஃப் ஜாக்கெட்டை மாட்டி வாரை இறுக்கி, காற்று வரும் பக்கமாக இறங்க வேண்டும். அப்போதுதான் காற்று படகையும் மிதக்கும் எரிபொருளையும் உங்களிடமிருந்து தள்ளிக்கொண்டு போகும். மறுபக்கம் குதித்தால் எரியும் படகு உங்கள்மேலேயே வந்து ஏறும். படகை மிதக்கவைக்கும் மூடிய காற்றறைகள் சூட்டில் வெடிக்கக்கூடும் என்பதால் நன்றாகத் தள்ளிப் போங்கள். அதற்காகக் கண்ணுக்கு மறையும் தூரம் போக வேண்டாம். தேடி வருபவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் புகையைத்தான். போன் நீர்புகாப் பையில் உங்கள் உடம்பில் இருக்க வேண்டும். எரிகிற அறைக்குள் பத்திரமாக இருக்கும் போனால் யாருக்கு லாபம்?

தீ அணைந்த பிறகும் ஒரு தவறு பாக்கி இருக்கிறது. உடனே பாயை ஏற்றிக் கிளம்பிவிடுவார்கள். மரம் வெளியே கறுத்து ஈரமாகத் தெரியும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். பலகையும் அதை உள்ளிருந்து தாங்கும் விலாக்கட்டையும் சேரும் இடுக்கில்தான் அதிகம். யாருக்காவது தீக்காயம் இருந்தால் முதலில் அவரைக் கவனியுங்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் ஊற்றுங்கள், ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். இன்னொருவர் விலாக்கட்டைகளை ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்க்கட்டும். சூடு தெரிந்தால் அங்கே ஒரு வாளி, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி புறங்கை.