டிஸ்னி ஸ்கைலைனர் நடுவானில் நின்றால்: உள்ளே இருப்பவரும் வெளியே பார்ப்பவரும் செய்ய வேண்டியவை

ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில், பூங்காக்களையும் விடுதிகளையும் இணைக்கும் ஸ்கைலைனர் ரோப்கார் 2019 செப்டம்பர் 29 அன்று ஓடத் தொடங்கியது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, அக்டோபர் 5 சனிக்கிழமை இரவு எப்காட் பூங்காவுக்குப் போகும் பாதையில் இருக்கும் ரிவியேரா நிலையத்துக்குள் பெட்டிகள் ஒன்றோடொன்று முட்டி நெருக்கியடித்துக்கொண்டன, அதோடு அந்தப் பாதை முழுவதும் நின்றது. சிலர் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக இருட்டில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். தீயணைப்புத் துறையினர் வந்து சில பெட்டிகளில் இருந்தவர்களை இறக்கினார்கள்.

அவர்கள் தரையில் கால் வைப்பதற்குள் படமும் வீடியோவும் ட்விட்டரில் ஓடிக்கொண்டிருந்தன. இனி வாழ்நாளில் ஏற மாட்டேன் என்றவர்கள் ஒரு பக்கம். ஏசி இல்லாத பெட்டியை ஃப்ளோரிடாவில் விடாதீர்கள் என்று அப்போதே சொன்னோமே என்றவர்கள் இன்னொரு பக்கம். புது இயந்திரம் என்றால் நாலு நாள் தகராறு இருக்கத்தான் செய்யும், இதற்குப் போய் ஏன் இவ்வளவு கூச்சல் என்று டிஸ்னிக்கு வக்காலத்து வாங்கியவர்கள் மூன்றாவது பக்கம். குழந்தையோடு உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவருக்கோ, அடுத்த மாதம் அங்கே போக டிக்கெட் போட்டு வைத்திருக்கும் ஒருவருக்கோ இந்த மூன்றில் எதுவும் உதவாது. அவர்களுக்கு உதவக்கூடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நிற்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்

ஸ்கைலைனரைக் கட்டியது ஆஸ்திரியாவின் டாப்பல்மாயர் நிறுவனம். பனிச்சறுக்கு மலைகளில் காலம் காலமாக ஓடுகிற அதே வகைதான். கம்பிவடம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், பெட்டியின் மேலுள்ள பிடி அந்த வடத்தைக் கவ்வியிருக்கும். நிலையத்துக்குள் வந்ததும் பிடி விட்டுவிடும், பெட்டி வடத்திலிருந்து பிரிந்து வரிசையாகச் சுழலும் டயர்களின் மேல் மெதுவாக நகரும், ஆட்கள் ஏறி இறங்குவார்கள், அப்புறம் மறுபடி வேகமெடுத்து வடத்தைக் கவ்விக்கொண்டு வெளியே போகும். வெளியே வேகம் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர். ஆபத்தும் சிக்கலும் பெரும்பாலும் அந்த நிலையத்துக்குள் நடக்கும் பிரிதல், சேர்தலில்தான். பெட்டிகளுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி குறைந்தாலோ, பிடி சரியாகக் கவ்வவில்லை என்று உணரிகளுக்கு (சென்சார்களுக்கு) தோன்றினாலோ, உடனே எல்லாம் நிற்க வேண்டும். அப்படித்தான் இதை வடிவமைக்கிறார்கள்.

நிற்காமல் பார்த்துக்கொள்ள நினைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியின் மொத்தரோனே மலை சாட்சி. 2021 மே 23 அன்று அங்கே ஓடிய ரோப்காரின் இழுவை வடம் அறுந்தது. பெட்டியைத் தாங்கும் இன்னொரு வடத்தை அவசர பிரேக் பிடித்திருந்தால் பெட்டி அந்தரத்தில் நின்றிருக்கும். ஆனால் அந்த பிரேக் கோளாறால் அடிக்கடி பிடித்து சேவை தடைபடுகிறது என்பதற்காக, அது வேலை செய்யாதபடி கவ்விகளை மாட்டி வைத்திருந்தார்கள். 14 பேர் இறந்தார்கள், ஒரு சிறுவன் மட்டும் பிழைத்தான். அதனால், ரோப்கார் நின்றுவிட்டது என்று யாராவது பதறிப் பதிவு போட்டால், நான் கேட்க நினைப்பது நின்றதைப் பற்றி இல்லை. நின்ற பிறகு உள்ளே இருந்தவர்களிடம் யார் பேசினார்கள், என்ன சொன்னார்கள், எவ்வளவு நேரத்தில் இறக்கினார்கள் என்பதைத்தான்.

இரண்டு, மூன்று நிமிட நிறுத்தம் சாதாரணம், அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

ஏறுவதற்கு முன்

கழிப்பறைக்குப் போய்விட்டு ஏறுங்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொங்கிக்கொண்டிருப்பது பெரியவர்களுக்குப் பயம், ஆனால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் முதல் மணி நேரத்திலேயே வரும் உண்மையான அவஸ்தை இதுதான். ஒரு பெட்டியில் 10 பேர் வரை உட்காரலாம், கூட இருப்பவர்கள் முன்பின் தெரியாதவர்களாக இருக்கலாம். கைப்பையில் ஒரு துண்டு, இரண்டு கெட்டியான பிளாஸ்டிக் பை, கொஞ்சம் டிஷ்யூ, சின்னக் குழந்தை என்றால் கூடுதல் டயப்பர். துண்டைத் திரையாகப் பிடிக்கலாம். இதைப் படிக்கும்போது சங்கடமாக இருக்கலாம், உள்ளே இருக்கும்போது இது ஒன்றுதான் மானத்தைக் காப்பாற்றும்.

அடுத்தது மருந்து. அந்த மாலை போட வேண்டிய மாத்திரை, இன்ஹேலர், இன்சுலின், எதையும் லாக்கரிலோ அறையிலோ வைத்துவிட்டு ஏறாதீர்கள். போனில் பாதிக்கு மேல் சார்ஜ், முடிந்தால் ஒரு பவர்பேங்க். தண்ணீர் பாட்டில் ஒன்று.

வெயில் விஷயத்தில் ஏசி இல்லையே என்று கத்தியவர்கள் சொன்னதில் பாதி சரி. பெட்டி ஓடும்போது காற்றோட்டத் துளைகள் வழியாகக் காற்று உள்ளே வரும், வெயில் காலத்திலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளலாம். நின்றுவிட்டால் அந்தக் காற்று போய்விடும். அக்டோபர் 5 அன்று பொழுது சாய்ந்த பிறகு நடந்தது, அது அவர்களுடைய அதிர்ஷ்டம், இதுவே ஜூலை மாதத்து மதியம் இரண்டு மணிக்கு நடந்திருந்தால் கதையே வேறு. ஆகவே கோடையில் கைக்குழந்தையோடும், இதய நோய் உள்ள பெரியவர்களோடும் போகிறவர்கள் ஸ்கைலைனரைக் காலையிலும் மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள், நடுப்பகலில் டிஸ்னியின் பேருந்தில் போங்கள். இந்தப் பூங்காக்கள் இருக்கும் ஓர்லாண்டோ பகுதியில் கோடை மதியம் இடிமழை கட்டுவதும் வழக்கம், மின்னல் வந்தால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள், மேகம் கறுத்தால் அப்போதும் பேருந்துதான்.

சக்கர நாற்காலியில் வருபவரை அழைத்துப் போகிறீர்கள் என்றால், ஏறும் முன்பே ஊழியரிடம் ஒன்று கேளுங்கள்: வழியில் நின்றுவிட்டால் இவரை எப்படி இறக்குவீர்கள்? ஏணி வழியாக இறங்க முடியாதவர் விஷயத்தில் அவர்களுக்குத் திட்டம் இருக்க வேண்டும், நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை.

நின்றுவிட்டது, என்ன செய்வது?

மணியைப் பாருங்கள், போனில் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டியின் எண்ணையும், எந்தப் பாதை, எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே இருக்கிறீர்கள் என்பதையும் அதோடு எழுதுங்கள். மூன்று பாதைகளும் கரீபியன் பீச் விடுதியில் உள்ள நிலையத்தில் சேர்கின்றன, அங்கிருந்து எப்காட்டுக்கு ஒன்று, ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கு ஒன்று, பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன் விடுதிகளுக்கு ஒன்று. ஸ்கைலைனரில் இருக்கிறேன் என்று மட்டும் சொன்னால் உங்களைத் தேடி வருபவருக்கு அது போதாது.

கதவைத் தள்ளாதீர்கள், ஜன்னலை உடைக்காதீர்கள், எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போய் எட்டிப் பார்க்காதீர்கள். பெட்டி லேசாக ஆடும், தானாக அடங்கும். பெட்டிக்குள் அவசரத்துக்கென்று வைத்திருக்கும் பொருட்கள் எங்கே என்று பாருங்கள், தண்ணீரை எல்லோரும் பகிர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

கூட இருப்பவர்களிடம் பேசுங்கள். யாருக்காவது உடம்புக்கு முடியாத நிலை இருக்கிறதா, யாருக்கு மருந்து நேரம் வருகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது முக்கியம். ஒருவர் பயத்தில் மூச்சு வாங்கினால், ஒன்றும் இல்லை, சும்மா இருங்கள் என்று அடக்காதீர்கள், அது பயத்தை இன்னும் ஏற்றும். கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள், பெட்டியின் உள்தரையைப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்களே அவர் காதில் விழும்படி மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள், அவரும் அதைப் பிடித்துக்கொள்வார். குழந்தைகளிடம் பொய் சொல்ல வேண்டாம், நேரமாகும், கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள் என்று சொன்னாலே அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ எப்போது அழைப்பது? நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், சர்க்கரை இறங்கி மயக்கம், வெயிலில் சுருண்டு விழுவது, இவற்றுக்கு உடனே அழையுங்கள், அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். எப்போது ஓடும் என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் அழைக்காதீர்கள், அதே நேரத்தில் பக்கத்துப் பெட்டியில் ஒருவருக்கு அந்த இணைப்பு தேவைப்படலாம்.

பதிவு போடுவது பற்றி

உள்ளிருந்து பதிவு போடுவதை நான் ஆதரிக்கிறேன். அன்றிரவு பெட்டிக்குள் என்ன நிலைமை என்பது வெளி உலகத்துக்குத் தெரிந்ததே மாட்டிக்கொண்டவர்களின் படங்களால்தான். ஆனால் எப்படிப் போடுகிறோம் என்பது முக்கியம். நேரம், பாதை, எவ்வளவு நேரமாக நிற்கிறது, கடைசியாக என்ன அறிவிப்பு வந்தது, உள்ளே எத்தனை பேர், யாருக்கு உதவி தேவை: இவ்வளவு போதும். உங்கள் கண்ணால் பார்க்காததை எழுதாதீர்கள். முன்னால் உள்ள பெட்டி விழுந்துவிட்டதாம் என்ற ஒரு வரி, பின்னால் உள்ள பத்துப் பெட்டிகளிலும் போன் பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்களைக் கொன்றுவிடும். அழுகிற குழந்தையையும் மயங்கிய பெரியவரையும் படம் எடுத்துப் போடவே போடாதீர்கள். பெட்டி எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள், ஆள் முகம் தெரிகிற மாதிரி வேண்டாம். சார்ஜ் குறைந்தால் பதிவை நிறுத்திவிடுங்கள்.

வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இன்னும் பொறுப்பு உண்டு. பெட்டிகள் முட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் படத்தைப் பார்த்ததும், வானத்தில் மோதிக்கொண்டன என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டு பகிர்ந்தார்கள். அது நிலையத்துக்குள், வடத்திலிருந்து பிரிந்து மெதுவாக நகரும் இடத்தில் நடந்தது. ஒரு படம் வந்தால் எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எடுத்தவர் அங்கே இருந்தாரா என்று பார்த்துவிட்டுப் பகிருங்கள். மாட்டிக்கொண்டவரின் பதிவுக்குக் கீழே போய் டிஸ்னிக்காக வாதாடுவது கொடுமை. மூன்று மணி நேரம் கழிப்பறை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர் புலம்பினால், பேராசைக்காரர், இழப்பீட்டுக்கு அடி போடுகிறார் என்று எழுதுபவர்களைப் பார்த்து எனக்கு மனசு கொதித்துப்போகிறது. அவர் என்ன கேட்டுவிட்டார்? ஒரு பதில், அவ்வளவுதான்.

நிறுவனத்தின் அறிக்கையைப் படிப்பது எப்படி

முதல் அறிக்கையில் எப்போதுமே அதிகம் இருக்காது. ஒரு பாதையில் கோளாறு ஏற்பட்டுப் பல மணி நேரம் சேவை நின்றது என்பது போல ஒன்று வரும், அதை வைத்துக் கோபப்படுவதில் பயன் இல்லை. மறுபடி திறக்கும்போது என்ன சொல்கிறார்கள் என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிஸ்னி அக்டோபர் 14 அன்று ஸ்கைலைனரைத் திரும்பத் திறந்தது. தயாரிப்பாளரோடு சேர்ந்து முழுமையாகப் பரிசீலித்தோம், செயல்முறையிலும் பயிற்சியிலும் மாற்றம் செய்திருக்கிறோம், பயணிகளோடு பேசும் விதத்தையும் மேம்படுத்துகிறோம் என்றார்கள். இதில் இயந்திரத்தை மாற்றினோம் என்ற பேச்சே இல்லை, செயல்முறை, பயிற்சி, தகவல் என்று மூன்றுமே மனிதர்கள் சம்பந்தப்பட்டவை. எங்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்ற அந்த இரவின் புகார் காதில் விழுந்திருக்கிறது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். ஏசி பற்றிய கூச்சல் அதைவிடப் பெரிது, ஆனாலும் ஒரு பெட்டியில்கூட ஏசி வரவில்லை.

இறங்கிய பிறகு

முதலில் தண்ணீர், கழிப்பறை, மருந்து. யாருக்காவது இடித்துக்கொண்டது, கழுத்து வலி என்று இருந்தால் அங்கேயே மருத்துவ உதவியாளரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள், விடுதிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். விருந்தினர் சேவை மையத்தில் பேசும்போது குறித்து வைத்த நேரத்தையும் பெட்டி எண்ணையும் சொல்லுங்கள், பேசிய ஊழியரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் மேல் கத்தாதீர்கள், வடத்தை நிறுத்தியது அவர் இல்லை. அவர்கள் கொடுக்கும் டிக்கெட்டையோ பரிசு அட்டையையோ வாங்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் எதிலாவது கையெழுத்துக் கேட்டால் முழுவதும் படிக்காமல் போடாதீர்கள்.

அன்றைக்கே, ஞாபகம் பசுமையாக இருக்கும்போதே, ஒரு மின்னஞ்சல் எழுதி அனுப்புங்கள். உங்கள் கோபத்துக்கு இரண்டு வரி போதும். மிச்சமெல்லாம் நேரவாரியாக இருக்கட்டும்: எத்தனை மணிக்கு நின்றது, முதல் அறிவிப்பு எப்போது வந்தது, அடுத்தடுத்த அறிவிப்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, யார் எப்படி இறக்கினார்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி, இனி நின்றால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை பெட்டிக்குள் இருப்பவர்களுக்குத் தகவல் சொல்வீர்கள் என்று. பொதுவாக மன்னிப்புக் கேட்டு ஒரு பதில் வரும். அந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லையென்றால், அதே கேள்வியை மட்டும் வைத்துத் திரும்ப எழுதுங்கள்.