80,000 ரூபாய் போன் வாங்கலாமா? நெல்லைச் சீமையில் இருந்துகொண்டு கணக்குப் பார்க்கும் முறை

60,000 ரூபாய்க்கு மேல் விலையுள்ள ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறவர், கடைக்குப் போகுமுன் தம் கையில் இருக்கும் போனை ஒரு வாரம் கவனித்துப் பார்ப்பது நல்லது. அது எந்த வேலையில் தவறுகிறது, எந்த நேரத்தில் தவறுகிறது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மதியத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடுகிறது, வெயிலில் திரை தெரியவில்லை, இரவில் எடுக்கும் படம் கலங்கி வருகிறது, பணம் அனுப்பும் செயலி திறப்பதற்குள் கடைக்காரர் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறார் என்று ஒவ்வொரு குறையும் குறிப்பாக இருக்க வேண்டும். "பழையதாகிவிட்டது", "கூட வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் மாற்றிவிட்டார்கள்" ஆகிய இரண்டுக்கும் அந்தத் தாளில் இடம் கொடுக்க வேண்டாம். புதுப் போன் வாங்கி ஓராண்டு ஆனதும் அவை மறுபடியும் தலைகாட்டும்.

எழுதிய குறைகளில் பலவற்றைப் பழைய போனிலேயே சரிசெய்துவிடலாம். லித்தியம் அயான் பேட்டரி பயன்படுத்தப் பயன்படுத்தத் தேயும் பொருள். ஐபோன் 14 வரையிலான மாடல்களில் 500 முழுச் சார்ஜ் சுற்றுகளுக்குப் பிறகும், ஐபோன் 15 முதலான மாடல்களில் 1,000 சுற்றுகளுக்குப் பிறகும், உகந்த சூழலில் பயன்படுத்தினால் தொடக்கக் கொள்ளளவில் 80 விழுக்காடு மிஞ்சும் வகையில் பேட்டரி வடிவமைக்கப்பட்டிருப்பதாக ஆப்பிள் நிறுவனமே அறிவித்திருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு சுற்று என்று வைத்தால் 500 சுற்று ஒன்றரை ஆண்டுக்குள் முடிந்துவிடும். ஆகவே மூன்றாண்டு ஓடிய போன் சீக்கிரம் அணைந்துபோனால், போனைத் தயாரித்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பேட்டரியை மாற்றிவிட்டு, ஒரு மாதம் பொறுத்துப் பார்த்து, அதன் பிறகும் குறை நீங்கவில்லையென்றால் புதிய போனைப் பற்றி யோசிக்கலாம். வாட்ஸ்அப் குழுக்களில் வரும் காணொளிகளை அழித்தாலே இடப் பற்றாக்குறை தீரும் போன்களும் நிறைய உண்டு.

எந்த மராமத்தாலும் தீராத குறை ஒன்று இருக்கிறது. நிறுவனம் பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிட்ட போனில் வங்கிக் கணக்கையும் யுபிஐயையும் வைத்துக்கொள்வது சரியல்ல. செட்டிங்ஸ் பகுதியில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் தேதியைப் பாருங்கள். அது ஓராண்டுக்கு மேல் பழையதாக இருந்தால், போனை மாற்ற அதுவே போதுமான காரணம். ஆனால் 80,000 ரூபாய்ப் போனுக்கு மாற வேண்டும் என்பதற்கு அது காரணமாகாது.

மாதத்துக்கு எவ்வளவு விழுகிறது

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் விலையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அந்தப் போனை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதால் வகுத்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். 84,000 ரூபாய்ப் போனை ஐந்தாண்டு வைத்திருக்கத் தீர்மானிக்கிறீர்கள் என்று கொள்வோம். இடையில் ஒருமுறை பேட்டரி மாற்ற 7,000 ரூபாயும், உறைக்கும் டெம்பர் கிளாசுக்குமாக 2,000 ரூபாயும் சேர்த்து, கடைசியில் விற்றால் 15,000 ரூபாய் திரும்பும் என்று கழித்தால், நிகரச் செலவு 78,000 ரூபாய். 60 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 1,300 ரூபாய் விழுகிறது. 22,000 ரூபாய்ப் போனை மூன்றாண்டு வைத்திருந்து 4,000 ரூபாய்க்குக் கொடுத்தால் மாதம் 500 ரூபாய். 84,000 ரூபாய்ப் போனையே ஆசை தீர்ந்து இரண்டாம் ஆண்டு முடிவில் 40,000 ரூபாய்க்கு விற்றால், உறைச் செலவையும் சேர்த்து மாதம் 1,900 ரூபாய்க்கு மேல் போய்விடும். இவை உதாரணத்துக்காக வைத்த தொகைகள். உங்கள் போனுக்கு உரிய தொகைகளைப் போட்டு நீங்களே கணக்கிடுங்கள்.

மேலே உள்ள கணக்கில் இரண்டு போன்களுக்கும் இடையே மாதம் 800 ரூபாய் வித்தியாசம். அந்த 800 ரூபாய்க்கு ஈடான ஏதாவது ஒன்று ஒவ்வொரு மாதமும் உங்களுக்குத் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பத்தமடைப் பாயை இணையத்தில் விற்கிறவருக்குக் கோரையின் நிறமும் நெசவின் நுணுக்கமும் படத்தில் அப்படியே தெரிவது வியாபாரம்; கல்யாண வீடுகளில் காணொளி எடுத்துக் கொடுக்கிற இளைஞருக்குப் போனே தொழிற்கருவி; அவர்களுக்கு இது தாராளமாகக் கட்டுபடியாகும். வாட்ஸ்அப், யூடியூப், யுபிஐ, பேச்சு ஆகியவற்றோடு நிற்கிறவருக்குக் கட்டுபடியாகாது என்பதே என் உறுதியான எண்ணம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, கூடவே விலையுயர்ந்த போனும் வாங்கிக் கொடுக்க நினைக்கும் பெற்றோர், அந்தப் பணத்தில் நல்ல மடிக்கணினி ஒன்றும் 15,000 ரூபாய்ப் போன் ஒன்றும் வாங்கிக் கொடுத்தால் படிப்புக்கு உதவும்.

வட்டியில்லாத் தவணை என்று சொல்லிக் கொடுப்பதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் பூஜ்ய விழுக்காட்டுத் தவணைத் திட்டங்களைக் கண்டித்துச் சுற்றறிக்கை விட்டது. இன்று நடப்பது என்னவென்றால், வங்கி தன் வட்டியைப் போடுகிறது, அந்த வட்டியின் அளவுக்கு விலையில் தள்ளுபடி கிடைக்கிறது. கிரெடிட் கார்டில் 84,000 ரூபாயை மாதம் 7,000 வீதம் 12 தவணையாகக் கட்டுகிறீர்கள், வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 விழுக்காடு என்றால், அந்தத் தொகைக்குள் ஏறத்தாழ 6,400 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கும். அந்த வட்டியின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியாக ஏறத்தாழ 1,160 ரூபாய் உங்கள் தலையில் தனியாக விழும். செயல்முறைக் கட்டணமும் சேரும். அதோடு, ரொக்கமாகக் கொடுத்தால் கடைக்காரர் குறைக்கக்கூடிய தொகை தவணையில் கிடைக்காமல் போகலாம். "ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு?" என்று முதலில் கேட்டுவிட்டுத் தவணையைப் பற்றிப் பேசுங்கள். கையில் பணம் வந்த பிறகு வாங்குவது என்றால், பிசானப் பருவ அறுவடை முடிந்து நெல் விற்ற பணத்திலிருந்து உரக்கடை பாக்கி, அடுத்த கார் பருவச் சாகுபடிக்கான முதல், பள்ளிக் கட்டணம் எல்லாம் போக மிஞ்சுகிற தொகையை வைத்தே போனைப் பற்றி நினைக்க வேண்டும்.

ஐந்தாண்டுக் கணக்கு பலிக்க, ஐந்தாண்டும் அப்டேட் வர வேண்டும். கூகுள் 2023 அக்டோபரில் பிக்சல் 8 வரிசைக்கும், சாம்சங் 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழாண்டு அப்டேட் தருவதாக அறிவித்தன. விலை உயர்ந்த போனுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய வலுவான வாதங்களில் இது ஒன்று. ஆனால் அந்த ஏழாண்டு, போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. இரண்டாண்டுக்கு முன் வந்த மாடல் தள்ளுபடியில் கிடைக்கிறது என்று வாங்கினால், உங்களுக்கு மிச்சம் ஐந்தாண்டுதான். அதுவும் மோசமில்லை, கணக்கில் மட்டும் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் வெயிலும் நம் தண்ணீரும்

போன்களைப் பற்றி வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் இருந்து எழுதப்படுபவை. நாம் வாழும் இடம் வேறு. ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது. பாளையங்கோட்டையில் சித்திரை, வைகாசி மாதப் பகல்கள் 35 பாகையைச் சாதாரணமாகத் தாண்டும். 40ஐத் தொடுகிற நாட்களும் உண்டு. போன் சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் திரையின் ஒளியைக் குறைக்கும், சார்ஜ் ஏறுவதை மெதுவாக்கும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். அதிவேகச் சிப்புக்காக நீங்கள் கொடுத்த கூடுதல் பணத்தின் பலன், பைக்கின் முன்னால் மாட்டி நாங்குநேரி வரை மேப் பார்த்துக்கொண்டு போகும்போது கிடைக்காது. வெப்பம் பேட்டரியையும் விரைவாக மூப்படையச் செய்யும். அதனால் நம் பக்கத்தில் பேட்டரி மாற்றும் செலவை மூன்றாம் ஆண்டிலேயே எதிர்பார்த்துக் கணக்கில் சேர்ப்பது பாதுகாப்பு.

வெயில் சார்ந்த ஒரு விஷயத்தில் விலை உயர்ந்த போன் உண்மையிலேயே மேல். அதன் திரை நேர் வெயிலில் படிக்கும் அளவுக்குப் பிரகாசமாக எரியும். களக்காட்டுப் பக்கம் வாழைத் தோட்டத்தில் நின்று விலை விசாரிக்கிறவருக்கும், நாள் முழுவதும் வண்டியில் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிறவருக்கும் இது பெரிய உதவி. கடை விளக்கில் எல்லாத் திரையும் ஒன்றுபோலவே பளபளக்கும் என்பதால், வண்ணாரப்பேட்டையிலோ ஜங்ஷனிலோ எந்தக் கடைக்குப் போனாலும், நண்பகலில் போய், காட்சிக்கு வைத்திருக்கும் போனை வாசல் வரை கொண்டுவந்து பார்க்க அனுமதி கேளுங்கள். விலையில் பாதியாக உள்ள போனையும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள்.

தண்ணீரைப் பற்றிய விளம்பரங்களை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். தூசியையும் தண்ணீரையும் போன் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதைச் சொல்லும் தரக் குறியீடுதான் ஐபி. ஐபி 67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். ஐபி 68 என்றால் அதைவிடக் கடுமையான, நிறுவனம் குறிப்பிடும் ஆழமும் நேரமும். இரண்டுமே அசையாத நல்ல தண்ணீரில் செய்யும் சோதனைகள். விசையோடு அடிக்கும் தண்ணீருக்கான சோதனை வேறு. குற்றாலம் இப்போது தென்காசி மாவட்டத்தில் இருந்தாலும், சாரல் விழுந்தால் நெல்லைக்காரர்கள் அங்கேதான் இருப்பார்கள். அருவிக்கு அடியில் நின்று படம் எடுக்க ஐபி 68 கொடுக்கும் உறுதி போதாது. உவரிக் கடலின் உப்பு நீருக்கும் அந்தச் சோதனை பொருந்தாது. போனுக்குள் தண்ணீர் புகுந்து பழுதானால் பெரும்பாலான நிறுவனங்களின் வாரண்டி அதை ஏற்பதுமில்லை. திடீர் மழையில் சட்டைப் பையில் நனைந்தால் பிழைத்துக்கொள்ளும் என்ற அளவுக்கு அதை மதியுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருக்கெடுத்து நெல்லையும் தூத்துக்குடியும் தத்தளித்தபோது, பல ஊர்களில் மின்சாரமும் போன் சிக்னலும் இல்லை. அத்தகைய வேளையில் விலை உயர்ந்த போனும் மலிவான போனும் ஒன்றுதான். டவர் இல்லாத இடத்துக்கு எந்தப் போனும் சிக்னலைக் கொண்டுவராது. பாபநாசம், சிங்கம்பட்டி போன்ற மலையடிவார ஊர்களில் இருப்பவர்கள் சிக்னல் நன்றாக வரும் என்று நம்பிப் பணத்தைக் கூட்ட வேண்டாம். இந்தியாவில் 2022 அக்டோபரில் தொடங்கிய 5ஜி, இன்று 15,000 ரூபாய்ப் போனிலும் இருக்கிறது. உறவினர் ஒருவரின் நல்ல போனில் உங்கள் சிம்மைப் போட்டு, உங்கள் வீட்டுக்குள்ளேயே பேசிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கேமராவில் மெகாபிக்சல் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். 200 மெகாபிக்சல் சென்சார் வழக்கமாகப் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத்தான் தருகிறது. 50 மெகாபிக்சல் சென்சாரும் நான்கைச் சேர்த்து அதே அளவில் வந்து நிற்கும். பட்டப்பகலில் நிற்கிற ஆளை எடுத்தால் 25,000 ரூபாய்ப் போனின் படத்துக்கும் விலை உயர்ந்த போனின் படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். மங்கிய வெளிச்சத்தில் ஓடும் குழந்தையை எடுக்கும்போதும், தூரத்தில் இருப்பதை எடுக்கும்போதும்தான் விலை பேசும். ஆனித் தேரோட்டத்தன்று ரதவீதி மாடியில் நின்று, நெல்லையப்பர் தேரின் உச்சிக் கலசத்தைத் தனியாகப் படம்பிடிக்க, லென்ஸாலேயே பெரிதாக்கும் டெலிஃபோட்டோ கேமரா வேண்டும். திரையை விரித்துப் பெரிதாக்கினால் படம் உடைந்துபோகும். உங்கள் கடைசி நூறு படங்களைத் திறந்து, அவற்றில் எத்தனை இப்படிப்பட்டவை என்று பாருங்கள். சிப்பின் பெயர், ஏஐ வசதிகள் ஆகியவற்றுக்காக மட்டும் யாரும் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. சேமிப்பில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: விலை உயர்ந்த போன்களில் பெரும்பாலும் மெமரி கார்டு போட இடமிருக்காது என்பதால், ஐந்தாண்டு ஓட்ட நினைப்பவர் 256 ஜிபியே வாங்கட்டும்.

வாங்குவது என்று முடிவான பிறகு

பணம் கொடுக்குமுன் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கே நேரில் போய், அந்த மாடலின் திரையை மாற்ற எவ்வளவு ஆகும், வேலையை இங்கேயே செய்வார்களா அல்லது மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்புவார்களா, அத்தனை நாள் நீங்கள் போனில்லாமல் இருக்க வேண்டுமா என்று விசாரியுங்கள். திரையின் விலையைக் கேட்டதும் வாங்கும் எண்ணம் ஆட்டம் கண்டால், அதை மதித்துத் திரும்பிவிடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மச்சானோ கொண்டுவரும் போன் விலை குறைவுதான். ஆனால் பல நிறுவனங்களின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14ஆம் வரிசை முதல் சிம் போடும் தட்டே கிடையாது, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இசிம் மட்டுமே. கொண்டுவரச் சொல்லுமுன் இந்த இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவசரமில்லை என்றால் காலம் பார்த்து வாங்கலாம். புதிய ஐபோன் பெரும்பாலும் செப்டம்பரில் வரும், கேலக்ஸி எஸ் வரிசை ஆண்டின் தொடக்கத்தில் வரும். அதையொட்டி முந்தைய மாடலின் விலை இறங்கும். தீபாவளித் தள்ளுபடியும் செப்டம்பரை அடுத்தே வருகிறது. ஐபோன், கேலக்ஸி எஸ் பெட்டிகளில் சார்ஜர் இருக்காது என்பதால் அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை உங்கள் முன்னிலையில் பிரிக்கச் சொல்லி, *#06# என்று அழுத்தி வரும் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்) பெட்டியிலும் பில்லிலும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் போனின் விவரம் வரும். பழைய போனை வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். விலையில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி அடங்கியிருப்பதால், ஜிஎஸ்டி பதிவு உள்ள வியாபாரிகள் தொழிலுக்காக வாங்கும்போது தங்கள் பதிவு எண்ணைப் பில்லில் போட்டு வாங்கினால் அந்த வரியைக் கழித்துக்கொள்ள வழியுண்டு. பில் தர மறுக்கும் இடத்தில் வாங்காதீர்கள். பின்னால் வழக்கு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லவும் அந்தப் பில்தான் துணை.

பழைய போனை மாற்றாகக் கொடுப்பதாக இருந்தால், படங்களையும் தொடர்பு எண்களையும் புதியதற்கு மாற்றி, ஓரிரு நாள் ஓட்டிப் பார்த்து, வங்கிச் செயலிகள் புதியதில் திறக்கின்றன என்று உறுதி செய்துகொண்ட பிறகு, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுவதும் அழித்துவிட்டுக் கையில் கொடுங்கள். கணக்கை எடுக்காமல் அழித்தால், வாங்கியவர் திறக்க முடியாமல் உங்களைத் தேடி வருவார்.